காலையில் பாடம், இரவில் கச்சேரி

அயர்லாந்தின் மேற்குக் கரையோரக் கிராமம் டூலின். பகலில் அரான் தீவுகளுக்குப் படகேறியவர்களும், 214 மீட்டர் உயர மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்த்துத் திரும்பியவர்களும் இரவில் கூடும் இடம் பப். பியர் மட்டுமல்ல காரணம். மூலை மேஜையைச் சுற்றி அமர்ந்து ஃபிடிலும் குழலும் வாசிக்கிறார்கள், டிக்கெட் கிடையாது. இந்த இசையால் ஊருக்குப் பெயர் தேடித்தந்தவர்களில் ஒருவர், 1994இல் கார் விபத்தில் இறந்த குழல் கலைஞர் மைக்கோ ரஸ்ஸல். தொழில், விவசாயம்.

கேட்கக் கூட்டம் இருந்தால் போதாது. வாசிக்கவும் ஆள் வேண்டுமே. தெற்கே மில்டவுன் மால்பே ஊரில் 1973இல் தொடங்கிய வில்லி கிளான்சி கோடைப் பள்ளி, ஜூலையில் ஒரு வாரம் அதைத்தான் கவனிக்கிறது. காலையில் வகுப்பு. இரவில் மாணவர்கள் அவ்வூர் பப்களில் மூத்த கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்துப் பழகுகிறார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்றுதான்: பேச்சைக் குறைப்பது.