எரு எதைப் பிடிக்கும், எதை விடும்?

மண் பரிசோதனை நிலையத்தில் அங்ககக் கரிமத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தால், எருவுக்கும் மண்ணிலுள்ள நச்சு உலோகங்களுக்கும் உள்ள உறவு பாதி புரிந்துவிடும். குடுவையில் கொஞ்சம் சலித்த மண். அதன்மேல் ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் 10 மில்லி, பிறகு அடர் கந்தக அமிலம் 20 மில்லி. ஊற்றியதும் குடுவை கை சுடும். ஆட்டிவிட்டு அரை மணி நேரம் ஓரமாக வைப்பார்கள். மண்ணில் மக்கு, அதாவது மக்கிய அங்ககப் பொருள், நிறைய இருந்தால் ஆரஞ்சு மங்கிப் பச்சை தட்டும். வாக்லியும் பிளாக்கும் 1934-ல் வகுத்த முறை இது. இன்றும் நம் நிலையங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிறம் மாறியது மண்ணால் அன்று, குரோமியத்தால். ஆரஞ்சாக இருந்தது ஆறாம் நிலைக் குரோமியம். மண்ணிலிருந்த மக்கு அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து மூன்றாம் நிலைக்கு இறக்கிவிட்டது. எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, மண்ணில் எவ்வளவு கரிமம் என்று கணக்கிடுகிறார்கள். தோல் தொழிற்சாலைப் பகுதி விவசாயிக்கோ இதே வினை வேறொரு கணக்கு.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுக நிலமும் கிணறும் கெட்ட கதை தெரிந்ததுதான். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பே அதைப் பற்றியது. ஆனால் எல்லாக் குரோமியமும் ஒன்றில்லை. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட் மூன்றாம் நிலை. சாதாரண மண்ணில் அது அவ்வளவாகக் கரையாது. விழுந்த இடத்திலேயே கிடக்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுக் குவியலில் இருப்பது ஆறாம் நிலை. அது தண்ணீரோடு ஓடும், தண்ணீரை மஞ்சளாக்கும், புற்றுநோயும் தரும். ஆகவே இங்கே எருவிடம் நாம் எதிர்பார்க்கும் முதல் வேலை பிடித்துவைப்பது கூட இல்லை, ஆறை மூன்றாக்குவது. மூன்றான பிறகு மக்கு அதைப் பிடித்துக்கொள்ளும், மீதி ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும்.

குடுவையில் அரை மணியில் நடப்பதை வயலில் எதிர்பார்க்க முடியாது. அங்கே அடர் அமிலமும் இல்லை, அந்தச் சூடும் இல்லை. காரத்தன்மை உள்ள மண்ணில் வினை இன்னும் மந்தம். எருவைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள்தான் அதை வேகப்படுத்துகின்றன. மண்ணியல் அறிஞர் நந்தி போலனும் உடன் ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பலவகை எருக்களை மண்ணில் கலந்தபோது குரோமேட் குறைந்தது. கரையும் கரிமம் கூடக் கூட அது குறைவதும் கூடியது. இந்தக் ‘கரையும் கரிமம்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு உலோகத்தில் அதுவே வில்லன்.

அளவையும் பார்த்துவிடுவோம். வழக்கமான பரிந்துரை ஏக்கருக்கு 5 டன் தொழு உரம். ஓர் ஏக்கரின் மேல்மண், 15 செ.மீ. ஆழத்துக்கு, சுமார் 900 டன். எருவில் கணிசமான பங்கு ஈரம். ஆக ஒரு தடவை எரு போட்டு நஞ்சை முறித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அதோடு அந்த வேலை மேல்மண்ணோடு சரி. 30 அடிக்குக் கீழே இறங்கிவிட்ட மஞ்சள் தண்ணீரை வயலில் போட்ட சாணம் எட்டாது.

ஈயம், செம்பு, கேட்மியம், துத்தநாகம் வேறு வகை. இவை நேர் மின்னூட்டத்தோடு திரிபவை. மக்கின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டமுள்ள இடங்கள் ஏராளம். எடைக்கு எடை, செம்மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட் களியைவிடப் பல மடங்கு. மாடு கட்டும் முளைபோல ஒவ்வோர் இடமும் ஓர் உலோக அயனியைக் கட்டிவைக்கும். ஈயமும் செம்பும் இறுகக் கட்டுப்படும். கேட்மியம், துத்தநாகத்தின் கட்டு தளர்வு. உப்போ அமிலமோ அவிழ்த்துவிடலாம். மண் புளிக்கப் புளிக்க ஹைட்ரஜன் அயனிகள் முளைகளைப் பிடித்துக்கொண்டு உலோகத்தை விரட்டும். முட்டைக்கோழி எருவில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் புளிப்பு மண்ணில் அது இரட்டை உதவி. அதிலுள்ள பாஸ்பரஸ் ஈயத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத பாஸ்பேட்டாகவும் இறுகும்.

இனி வில்லன். பச்சைச் சாணத்திலும் மக்காத கோழி எருவிலும் கரையும் கரிமம் அதிகம். செம்பு அதையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடித்த பொருளே தண்ணீரில் கரைவதால், இரண்டும் சேர்ந்து கீழே இறங்கும். குரோமேட்டுக்கு மருந்தானது செம்புக்கு வாகனம். எருக்குழியில் நன்றாக மக்கிப் பொலபொலவென்று மண்வாசம் அடிக்கும் எருவில் இந்தச் சிக்கல் குறைவு.

முளையும் மக்கும் பொருள்தான். உலோகம் மக்காது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1852 முதல் 1871 வரை எரு போட்டு நிறுத்திய ஒரு துண்டு நிலத்தில், எரு போடாத துண்டைவிட மக்கு இன்னும் கூடுதலாக இருக்கிறது. அது குளிர் நாடு. நம் வெயிலில் மக்கு வேகமாகக் கரைந்துபோகும்; ஆண்டுதோறும் எரு போட்டால்தான் கட்டு நிற்கும். நிறுத்தினால் கேட்மியம் மெல்ல அவிழத் தொடங்கலாம்.

ஆர்செனிக்கில் எல்லாம் தலைகீழ். அது மண்ணில் பெரும்பாலும் எதிர் மின்னூட்டத்தோடு இருப்பது. மக்கின் முளைகளைவிட இரும்பு ஆக்சைடில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். வங்கத்து நெல்வயலில் நீர் நிறுத்தி எருவையும் கொட்டினால் நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் அந்த இரும்பையே கரைக்கின்றன. ஆர்செனிக் விடுபட்டு வேருக்குப் போகிறது. எருவின் பாஸ்பேட்டும் அதை இடம்பெயர்க்கிறது. கேட்மியத்துக்கோ நின்ற நீர் நல்லது: சல்பைடாக இறுகிக் கிடக்கும், அறுவடைக்கு முன் வயலைக் காயவிட்டதும் கரைந்து கதிருக்கு ஏறும். ஒன்றுக்கு ஈரம் ஆகாது, மற்றதற்கு வறட்சி ஆகாது. இரண்டும் உள்ள வயலில் நீரை எப்போது நிறுத்துவது, எப்போது வடிப்பது என்பது எருவைவிடப் பெரிய கேள்வி.

கடைசியாக, எருவே உலோகம் சுமந்து வரும். கோழி, பன்றித் தீவனத்தில் துத்தநாகமும் செம்பும் சேர்க்கிறார்கள். பெரும்பகுதி எச்சத்தில் வெளியேறும். அமெரிக்காவில் கறிக்கோழிக்கு ராக்சர்சோன் என்ற ஆர்செனிக் மருந்தே கொடுத்துவந்தார்கள். 2011-ல்தான் அங்கே அதன் விற்பனை நின்றது. நகரக் குப்பைக் கம்போஸ்ட்டுக்கு நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்குக் கேட்மியம் 5 மி.கி., ஆர்செனிக் 10, ஈயம் 100, செம்பு 300, துத்தநாகம் 1000. மூட்டையாக வாங்குகிறவர்கள் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். தோல் கழிவு கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது குரோமியம். அதன் வரம்பு 50.