ஆய்வேட்டுக் களஞ்சியத்திற்கு ஒரு செருகுநிரல்

ஒரு நூல் நூலகத்தில் இருக்கிறது என்பது ஒன்று. தேடி வருபவருக்கு அது கிடைக்கிறது என்பது வேறொன்று. தவறான அலமாரியில் வைக்கப்பட்ட நூல், பட்டியலில் எண் பெற்றிருந்தாலும், இல்லாத நூலுக்கே சமானமாகும். கணிப்பொறியில் சேமித்து வைக்கப்படும் ஆய்வேடுகளுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. அங்கே அலமாரி மாறுவதில்லை, எழுத்துக்களே மாறிப்போகின்றன.

பல்கலைக் கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, ஆய்வேடுகளின் மின்னணுப் பிரதியையும் சமர்ப்பிப்பது கட்டாயமாயிற்று. 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் விதிகளும் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு இவ்வேற்பாட்டை நீடித்தன. இப்பிரதிகளைத் திரட்டிக் காக்கும் பணியைக் குஜராத் மாநிலம் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. அம்மையத்தின் களஞ்சியத்திற்கு ‘சோத்கங்கா’ என்று பெயர். ‘சோத்’ என்பது ஆராய்ச்சியைக் குறிக்கும். அதற்கு அடிப்படையாக அமைந்த மென்பொருள் டி-ஸ்பேஸ் ஆகும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியமும், நாட்டின் வேறு பல கல்வி நிலையங்களின் களஞ்சியங்களும் இதனையே கையாளுகின்றன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூலகத்தாரும் ஹ்யூலட்-பாக்கார்டு ஆய்வுக்கூடத்தாரும் கூடி ஆக்கிய இம்மென்பொருள், 2002 நவம்பரில் வெளிவந்தது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட இதன் மூல நிரலை யாரும் பெற்றுப் பயன்படுத்தலாம்.

ஆய்வேடு பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்பாக வந்து சேருகிறது. டி-ஸ்பேஸ் அக்கோப்பிலுள்ள எழுத்துக்களைத் தனியே பிரித்தெடுத்து, ஓர் உரைக் கோப்பாக ஆய்வேட்டுடன் சேர்த்து வைக்கிறது. தேடுபவர் ஒரு சொல்லைக் கொடுக்கும்போது, இவ்வுரையிலிருந்து ஆக்கப்பட்ட சொல்லடைவில்தான் அது தேடப்படுகிறது. பிரித்தெடுத்த உரை பழுதானால், தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் அறிந்தவர்க்கன்றி மற்றவர்க்கு அந்த ஆய்வேடு எட்டாது.

பழுது இரு வகையில் நேரும். அச்சிட்ட தாள்களை ஒளிவருடியில் வைத்துப் படமாக எடுத்த கோப்பில் எழுத்தே இராது. பிரித்தெடுத்தால் வெற்றுக் கோப்புதான் மிஞ்சும். இதனை எளிதில் கண்டுகொள்ளலாம். மற்றது சூழ்ச்சி மிக்கது. யூனிகோடு முறை பரவுவதற்கு முன்னும், பின்னர் நெடுநாள் வரையிலும், இந்திய மொழிகளைத் தட்டெழுதத் தனி எழுத்துருக்கள் வழங்கின. ஹிந்தியில் ‘குருதி தேவ்’ எனப்படும் எழுத்துரு அத்தகையது. அது ரோமன் எழுத்துக்களுக்குரிய இடங்களில் தேவநாகரி வடிவங்களை அமர்த்திவிடுகிறது. ‘பாரத்’ என்ற சொல்லைத் திரையில் தேவநாகரியாகவே காணலாம். தாளிலும் அவ்வாறே அச்சாகும். ஆனால் கோப்பினுள் இருப்பவை ஹெச், கே, கே, ஜே, ஆர் என்ற ஐந்து ரோமன் எழுத்துக்களே. கணிப்பொறி அவற்றைத்தான் சொல்லடைவில் சேர்க்கும். ஹிந்தியில் ‘பாரத்’ என்று தேடுபவருக்கு அந்த ஆய்வேடு ஒரு நாளும் அகப்படாது. கண்ணுக்கு யாதொரு குறையும் தெரியாமையால், கோப்பைத் திறந்து பார்த்து ஒப்புக்கொள்ளும் அலுவலரும் இதனை அறியமாட்டார்.

ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு சொல்லை எடுத்து ஒட்டிப் பார்த்துச் சோதிப்பது மனிதரால் ஆகும் காரியமன்று. கணிப்பொறியே செய்யலாம், ஆனால் டி-ஸ்பேஸுடன் வரும் சோதனைகளுள் இது இல்லை. இதற்கெனச் சிறிய நிரலொன்றை எழுதிச் சேர்க்க வேண்டும். அதுவே செருகுநிரல்.

செருகுமிடம்

மேஜை விளக்கை எரிய வைக்க யாரும் சுவரை உடைத்து, உள்ளே ஓடும் மின்கம்பியை வெட்டி இணைப்பதில்லை. சுவரிலே அதற்கான துளைகள் ஏற்கெனவே அமைந்துள்ளன. நல்ல மென்பொருளும் அவ்வாறே, பிறர் தம் நிரலைக் கொண்டுவந்து செருகுவதற்குச் சில இடங்களை விட்டுவைக்கிறது. அவ்விடத்தை விட்டு மூல நிரலையே திருத்துவோர் சுவரை உடைப்பவராவர். அடுத்த பதிப்பு வரும்போது, திருத்தியவற்றை எல்லாம் அவர் மீண்டும் தேடிப் பொருத்த வேண்டியிருக்கும்.

டி-ஸ்பேஸில், 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான 1.7 பதிப்பு முதல், ‘பராமரிப்புப் பணி’ என்ற செருகுமிடம் உண்டு. கிருமி நிரல் சோதனை, கட்டாய விவரங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா என்ற சோதனை, இணைப்புகள் உயிருடன் உள்ளனவா என்ற சோதனை முதலியவை இவ்வகையில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. புதிய பணியை எழுதுவோர், டி-ஸ்பேஸ் தரும் அடிப்படை வகுப்பை நீட்டித்து, ‘பெர்ஃபார்ம்’ என்னும் ஒரு செயலை மட்டும் நிரப்பினால் போதும். களஞ்சியம் ஒவ்வோர் ஆய்வேடாக எடுத்துக் கொடுக்கும். செருகுநிரல் அதனைச் சோதித்து ஓர் எண்ணைத் திருப்பித் தரும். தேறியது எனில் 0, தேறவில்லை எனில் 1, தனக்குரியதன்று என விட்டுவிட்டால் 2, பணியே தடைப்பட்டால் கழித்தல் 1. கடைசி எண்ணையும் ‘தேறவில்லை’ என்பதையும் புதியவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. ஆய்வேட்டின் குறை வேறு, சோதிக்கும் நிரலின் குறை வேறு. இரண்டையும் ஒரே எண்ணால் குறித்தால், கோப்பைப் படிக்க முடியாமற் போன ஓர் இரவில் நல்ல ஆய்வேடுகளெல்லாம் பழுதெனப் பட்டியலில் ஏறிவிடும்.

இங்கு வேண்டிய சோதனை எளிது. ஆய்வேட்டின் விவரக் குறிப்பில் மொழி ஹிந்தி, மராத்தி அல்லது சமஸ்கிருதம் என்றிருந்தால், பிரித்தெடுத்த உரையில் தேவநாகரி எழுத்துக்கள் எத்தனை, ரோமன் எழுத்துக்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். உரை வெறுமையானால் அது படக் கோப்பு. ரோமன் எழுத்துக்களே நிறைந்திருந்தால் பழைய எழுத்துரு என்று ஐயுறலாம். தமிழ் ஆய்வேடுகளுக்கும் பிறமொழி ஆய்வேடுகளுக்கும் எதிர்பார்க்கும் வரிவடிவத்தை மாற்றினால் போதுமானது.

எண்ணும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு குறி எழுத்தா அன்றா என்று சொல்லும் செயல் ஜாவாவில் உள்ளது. அது தேவநாகரியின் தனி உயிர்களையும் மெய்களையும் எழுத்தென ஏற்கும். ஆகாரம், இகாரம் போன்ற சார்ந்த உயிர்க்குறிகளை எழுத்தாகக் கொள்ளாது. அதனை நம்பி எண்ணினால் கணக்குக் குறைபடும். 2011-இல் வெளியான ஜாவா 7 முதல், ஒவ்வொரு குறியும் எந்த வரிவடிவத்தைச் சேர்ந்தது என்று தெரிவிக்கும் வசதி உண்டு. அதையே கையாள வேண்டும். உயிர்க்குறிகளும் அதில் தேவநாகரியாகவே கணக்கிடப்படும். ரோமன் வழக்கின் இலக்கங்களும் நிறுத்தற் குறிகளும் எல்லா மொழிக்கும் பொதுவானவை என ஒதுக்கப்படும்.

ஹிந்தி ஆய்வேட்டிலும் ஆங்கில மேற்கோள்களும் நூற்பட்டியலும் இருக்கும். ஆகவே தேவநாகரி முழு நூறு சதவிகிதமாக இருக்க வேண்டும் என்று கேட்பது தகாது. பாதிக்கும் கீழே இருந்தால் ஐயத்திற்குரியது என்று தொடங்கி, அனுபவத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இவ்வெல்லையை நிரலினுள் எழுதாமல் அமைப்புக் கோப்பில் வைப்பதே முறை. நிரலினுள் இருப்பின் எல்லையை மாற்றுந்தோறும் நிரலை மீண்டும் தொகுத்து நிறுவ நேரிடும். இன்னொன்றும் நினைவில் இருக்கவேண்டும்: 7-ஆம் வரிசைப் பதிப்புகளில், வேறு கட்டளை இல்லாதவரை, ஒரு கோப்பிலிருந்து முதல் 1,00,000 குறிகளே பிரித்தெடுக்கப்படுகின்றன. நீண்ட ஆய்வேட்டின் பிற்பகுதி இச்சோதனைக்கு உட்படுவதில்லை. சொல்லடைவிலும் அது இடம் பெறுவதில்லை.

இச்செருகுநிரல் எதையும் திருத்தக் கூடாது. பார்த்துச் சொல்வதோடு நிற்க வேண்டும். பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் வேலையையும் இதனிடமே ஒப்படைக்கலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. ஆயினும் பட்டம் வழங்கப்பட்ட ஓர் ஆவணத்தை ஆளில்லாத நள்ளிரவில் ஒரு நிரல் மாற்றுவது பொருத்தமாகாது.

நிறுவுதல்

எழுதிய நிரலை டி-ஸ்பேஸ் மூலத்தில் ‘அடிஷன்ஸ்’ எனப்படும் பிரிவில் வைக்க வேண்டும். உள்ளூர்ச் சேர்க்கைகளுக்காகவே ஒதுக்கப்பட்ட இடம் அது. பின்னர் மேவன் என்ற கருவியைக் கொண்டு முழுவதையும் தொகுக்க வேண்டும். டாம்கேட் சேவையகத்தை நிறுத்தி, ஆன்ட் என்ற கருவியின் புதுப்பித்தல் கட்டளையால் நிறுவி, சேவையகத்தை மறுபடியும் தொடக்க வேண்டும். களஞ்சியத்துடனேயே சேர்த்துத் தொகுக்கப்படுவதால், அந்தப் பதிப்புக்கு ஒவ்வாத நிரலானால் தொகுக்கும்போதே பிழை தெரிந்துவிடும்.

குறுக்கு வழியை நாடுவோரும் உளர். தொகுத்த கோப்பை நேரே சேவையகத்தின் நூலகக் கோப்புறையில் போட்டுவிடுகிறார்கள். அப்போதைக்கு வலைப்பக்கத்தில் செருகுநிரல் வேலை செய்யும். கட்டளை வரியில் இயக்கினால் வகுப்பு கிடைக்கவில்லை என்ற பிழை வரும், ஏனெனில் அதற்குரிய கோப்புறை வேறு. அடுத்த முறை புதுப்பிக்கும்போது பழைய கோப்புறையே ஒதுக்கப்பட்டு, கையால் போட்ட கோப்பும் உடன் மறையும். அதைப் போட்டவர் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தால், என்ன குறைந்தது என்று சொல்லவும் ஆளிராது.

நிறுவிய பின் பதிவு செய்ய வேண்டும். பராமரிப்புப் பணிகளுக்கான அமைப்புக் கோப்பில் வகுப்பின் முழுப் பெயரையும் பணிக்குச் சூட்டிய சுருக்கப் பெயரையும் ஒரு வரியில் எழுதவேண்டும். நிர்வாகப் பக்கத்தின் பட்டியலிலும் தோன்ற வேண்டுமானால் அதற்கு வேறொரு வரி உண்டு. 6-ஆம் பதிப்பு முதல், உள்ளூர் மாற்றங்களையெல்லாம் தனியொரு கோப்பில் குறிக்கும் வசதி வந்துள்ளது. நல்ல வசதியே, ஆயினும் இங்கு எச்சரிக்கை வேண்டும். உள்ளூர்க் கோப்பில் புதிய பணியை மட்டும் எழுதினால், அந்த ஒரு வரி முன்னைய பட்டியல் முழுவதற்கும் பதிலாக நின்றுவிடும். கிருமி நிரல் சோதனை முதலான பணிகள் யாவும் ஓசையின்றி மறையும். பழைய வரிகளையும் உடன் எழுதுவதே பரிகாரம்.

முதலில் சோதனைக் களஞ்சியம் ஒன்றில், தன்மை அறிந்த மூன்று ஆய்வேடுகளை வைத்து இயக்கிப் பார்க்க வேண்டும்: யூனிகோடில் அமைந்தது ஒன்று, பழைய எழுத்துருவில் ஒன்று, படக் கோப்பு ஒன்று. மூன்றுக்கும் உரிய விடை வந்த பிறகே மெய்யான களஞ்சியத்திற்குக் கொண்டுபோகலாம். அங்கும் முதலில் ஒரு துறையின் தொகுப்பை மட்டும் சோதித்து, பின்னர் முழுவதையும் இரவு வேளையில் இயக்குவது நலம். யூனிகோடில் தட்டெழுதியும், பி.டி.எஃப். ஆக்கும்போது எழுத்துக்களின் வரிசை குலைந்த கோப்புகளும் உண்டு. அவற்றில் தேவநாகரி போதிய அளவு இருப்பதால் இச்சோதனையில் தேறிவிடும். அக்குறையைக் காணச் சொற்களையே அகராதியோடு ஒப்பிடும் வேறு நிரல் வேண்டும்.

பதிப்பு மாறும்போது செருகுநிரலுக்கு வேலை வரும். 2016-இல் வெளியான 6-ஆம் பதிப்பில் ஆய்வேட்டின் விவரங்களைக் கேட்டறியும் முறையே மாறிற்று. முன்னர் எழுதிய பணிகள் அப்படியே தொகுபடவில்லை. 2021-இல் வந்த 7-ஆம் பதிப்பில் பழைய வலைப்பக்கங்கள் அடியோடு நீக்கப்பட்டன. அப்பக்கங்களைத் திருத்தி வைத்திருந்த நிலையங்கள் அவ்வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. செருகுமிடத்தில் இருந்த பராமரிப்புப் பணிகளுக்கோ சில வரிகள் திருத்துவதே போதுமானதாயிற்று. 2024-இல் வெளிவந்த 8-ஆம் பதிப்பிற்கு ஜாவா 17 தேவை. ஆகையால் நிரலின் மூலத்தையும், அது எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்ற குறிப்பையும், மேற்சொன்ன மூன்று சோதனை ஆய்வேடுகளையும் நிலையத்தின் பொதுச் சேமிப்பில் வைத்திருப்பது அவசியம்.

சோதனை முடிந்ததும் கிடைப்பது ஒரு பட்டியல். ஐயத்திற்குரியவை என வந்தவற்றை ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். விவரக் குறிப்பில் மொழியைத் தவறாகப் பதிந்தமையால் வந்த ஆங்கில ஆய்வேடுகள் சில அவற்றில் இருக்கும். குறிப்பைத் திருத்தினால் அவை நீங்கும். படக் கோப்புகளை எழுத்துணரும் மென்பொருளுக்கு அனுப்பலாம். பழைய எழுத்துருவில் உள்ளவற்றிற்கு, மாற்றிய உரையைத் தேடுதலுக்கு மட்டும் உரியதாக உடன் வைத்து, சமர்ப்பித்த கோப்பைத் தொடாமல் விடலாம். ஆய்வாளரோ நெறியாளரோ இன்னும் பணியில் இருப்பாராயின், யூனிகோடுப் பிரதி ஒன்றை அவரிடமே கேட்டுப் பெறுவது இவை எல்லாவற்றிலும் சுருக்கமான வழி.