மிதக்கும் கல்லூரியின் விளையாட்டு விழா

நிலத்தில் உள்ள பள்ளிகளில் ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடைபெறும். மாணவர் பல அணிகளாகப் பிரிவர், ஓடுவர், தாண்டுவர், கயிறு இழுப்பர். மாலையில் பரிசுகள் வழங்கப்பெறும். வென்றவர் மகிழ்ச்சியோடும், தோற்றவர் சிறிது மனக்குறையோடும் வீடு திரும்புவர். இரவு உறங்கி எழுந்தால் அக்குறையும் மறைந்துவிடும். வீடு திரும்ப இயலாத ஓர் இடத்தில், நாற்புறமும் நீரே சூழ்ந்த ஓர் இடத்தில், அத்தகைய போட்டி நடைபெற்றால் எவ்வாறு இருக்கும்? வென்றவரும் தோற்றவரும் அன்றிரவு ஒரே கூடத்தில் உண்ணவேண்டும். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே ஆகவேண்டும். கடலில் செல்லும் கல்லூரி ஒன்றில் நடைபெறும் விளையாட்டு விழா இத்தகையது.

கப்பலையே கல்லூரியாக்கி, உலகையே பாடநூலாகக் கொள்ளும் எண்ணம் புதிதன்று. 1926ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் 'ரிண்டாம்' என்னும் டச்சுக் கப்பல் அமெரிக்க நாட்டின் ஹோபோக்கன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ 500 மாணவர் அதில் சென்றனர். நியூயார்க்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் லஃப் என்பவரின் முயற்சியால் உருவான பயணம் அது. ஏழரைத் திங்கள் அவர்கள் கடலிலே படித்தனர். துறைமுகங்களில் இறங்கி நாடுகளைக் கண்டனர். 1927ஆம் ஆண்டு மே மாதத்தில் தாயகம் திரும்பினர்.

1963ஆம் ஆண்டில் இவ்வெண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. 'ஏழ்கடல் பல்கலைக்கழகம்' என்னும் பெயரில் தொடங்கிய அம்முயற்சி, பின்னர்ப் பெயர்கள் பல மாறி, 1977ஆம் ஆண்டு முதல் 'கடலில் ஒரு பருவம்' என்று பொருள்படும் 'செமஸ்டர் அட் சீ' என்ற பெயரால் வழங்கலாயிற்று. ஹாங்காங் நகரைச் சேர்ந்த கப்பல் வணிகர் சி. ஒய். டங் இதற்குப் பெருந்துணை புரிந்தார். அவர் 1970ஆம் ஆண்டில் புகழ்பெற்ற 'குவீன் எலிசபெத்' கப்பலை விலைக்கு வாங்கி, அதனை மாபெரும் மிதக்கும் கல்லூரியாக்க முனைந்தார். பணி நிறைவேறும் தறுவாயில், 1972ஆம் ஆண்டு ஜனவரியில், ஹாங்காங் துறைமுகத்தில் அக்கப்பல் தீக்கிரையாயிற்று. ஆயினும் அவர் வழங்கிய வேறொரு கப்பலில் கல்வி தொடர்ந்தது. பின்னாளில் சென்னைத் துறைமுகத்திற்கும் இம்மிதக்கும் கல்லூரி பலமுறை வந்து சென்றது.

இக்கல்லூரியின் வாழ்க்கைமுறை தனித்தன்மை உடையது. ஒரு பயணம் ஏறத்தாழ நூறு நாள் நீளும். கப்பல் கடலில் செல்லும் நாள்களில் வகுப்புகள் நடைபெறும். துறைமுகத்தில் நிற்கும் நாள்களில் வகுப்பு இல்லை. கப்பல் ஆடும்போது மேசைமேல் உள்ள எழுதுகோல் உருளும். நூலில் பதிந்த கண் மயங்கும். இவற்றிற்கெல்லாம் சில நாள்களில் உடல் பழகிவிடும். உள்ளம் பழகுவதே அரிது.

ஏனெனில், கப்பலில் ஏறும் மாணவர் ஒரே ஊரினரோ ஒரே கல்லூரியினரோ அல்லர். பற்பல கல்லூரிகளிலிருந்து, பெரும்பாலும் தனித்தனியே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். ஏறும்போது ஒருவரை ஒருவர் அறியார். சில நாள்களில் முன்பே அறிமுகமானவர்கள் ஒன்று கூடுவர். ஒரே இயல்பினர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். கூச்சம் மிக்கவர் தட்டை ஏந்திக்கொண்டு எங்கு அமர்வது என்று தெரியாமல் நிற்பர். நிலத்தில் தனிமை வருத்தினால் கடைத்தெருவிற்குச் செல்லலாம். பழைய நண்பரைத் தேடிப் போகலாம். நடுக்கடலில் அதற்கு வழியில்லை. நூற்றுக்கணக்கானோர் நடுவே இருந்தும் தனியராய் இருப்பது மிகக் கொடிய தனிமை அன்றோ?

இக்குறையைப் போக்கும் வழிகளுள் ஒன்றாகவே 'கடல் ஒலிம்பிக்கு' என்னும் விளையாட்டு விழா அமைந்துள்ளது. பயணத்தின் இடையே ஒரு நாள் வகுப்புகள் நிறுத்தப்பெறும். அன்று கப்பல் முழுவதும் ஆடுகளம் ஆகும். இதற்காக மாணவர் பல அணிகளாகப் பிரிக்கப்படுவர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு கடலின் பெயர் இடப்பெறும். ஏஜியன், பால்டிக், கரீபியன், பெரிங் என்பன அப்பெயர்களுட் சில.

அணிகளைப் பிரிக்கும் முறையே இவ்விழாவின் உயிர்நாடி. வலிமை மிக்கவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. நண்பர்கள் கூடித் தம்முள் ஓர் அணி அமைத்துக்கொள்ளவும் இயலாது. அவரவர் தங்கும் அறை கப்பலின் எப்பகுதியில் உள்ளதோ, அதுவே அவரவர் அணியை முடிவு செய்யும். அடுத்த அறையில் இருப்பவர் யாவராயினும், அவரே தோழர். இதுவரை நடைவழியில் கண்டும் காணாதவராய்ச் சென்ற இருவர், அணியின் பெயர் அறிவிக்கப்பட்ட அன்றே ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவர். கொடி தைப்பதற்கு ஒருவர் வேண்டும். முழக்கம் இயற்றுவதற்கு ஒருவர் வேண்டும். அணியின் நிறத்திற்கு ஏற்ப ஆடை திரட்டுவதற்கு ஒருவர் வேண்டும். ஓடத் தெரியாதவர் நன்றாக வரைபவராக இருப்பார். மேசையில் தனித்து அமர்ந்தவரே எல்லாரினும் இனிமையாகப் பாடுபவராக இருப்பார். அவர்களை அணியினர் கண்டுகொள்வது அப்போதுதான்.

போட்டிகள் பயணத்திற்குப் பயணம் மாறும். கயிறு இழுத்தல், தொடரோட்டம், பந்து விளையாட்டுகள், பொது அறிவு வினா விடை, ஆடல் பாடல் போன்றவை அவற்றுள் அடங்கும். கப்பலின் சிறு நீச்சல் குளத்தில் பலர் ஒன்றாய்க் கூடி, இசைக்கேற்பக் கைகால்களை அசைத்து நீந்தும் போட்டியும் உண்டு. கப்பல் சாயும்போது குளத்து நீரும் சாயும், நீந்துவோரின் வரிசை குலையும், காண்போர் நகைப்பர், நீந்துவோரும் உடன் நகைப்பர். தேர்ந்த வீரரை மட்டும் போற்றும் விழாவாக இல்லாமல், அனைவர்க்கும் இடமளிக்கும் விழாவாக இது விளங்குகிறது. ஆசிரியரும், அவர்தம் குடும்பத்தினரும், கற்கும் ஆர்வத்தால் உடன்வந்த முதியோரும் இதில் கலந்துகொள்வதுண்டு.

இப்போட்டிகளுள் கயிறு இழுத்தல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இது 1900ஆம் ஆண்டு முதல் 1920ஆம் ஆண்டு வரை உலக ஒலிம்பிக்குப் பந்தயங்களிலும் இடம்பெற்றிருந்தது. எட்டுப் பேர் ஒரு கயிற்றை இழுத்தால் எட்டு மடங்கு வலிமை கிடைக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. மாக்சிமிலியன் ரிங்கல்மான் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியறிஞர் இதனை ஆராய்ந்து, 1913ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆட்கள் பெருகப் பெருக, ஒவ்வொருவரும் அளிக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே செல்வதை அவர் கண்டார். எட்டுப் பேர் சேர்ந்து உழைக்கும்போது ஒருவரின் பங்கு, அவர் தனியே உழைத்தபோது காட்டிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதியே என்று அவர் மதிப்பிட்டார்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அனைவரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. ஒருவர் இழுக்கும்போது மற்றொருவர் மூச்சு வாங்குகிறார், ஆற்றல் சிதறுகிறது. மற்றொன்று, 'பிறர் இழுக்கின்றனரே, நாம் சற்றுத் தளர்ந்தால் என்ன?' என்னும் எண்ணம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் சிலர் இதனை ஓர் ஆய்வால் மெய்ப்பித்தனர். கண்களைக் கட்டி ஒருவரைக் கயிற்றின் முன்னால் நிறுத்தினர். பின்னால் பிறரும் இழுப்பதாக அவர் நம்பினார். உண்மையில் அவர் ஒருவரே இழுத்தார். அவ்வாறு நம்பியபோது அவர் இழுத்த வலிமை, தனியே இழுப்பதாக அறிந்தபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

முதற்குறையை நீக்கும் வழியைக் கடலோடிகள் நெடுங்காலமாகவே அறிவர். பாய்மரக் கப்பல்களில் கயிறு இழுத்த மாலுமிகள் பாட்டின் தாளத்திற்கேற்ப ஒன்றாக இழுத்தனர். வலை இழுக்கும் தமிழ் மீனவர் பாடும் அம்பாப் பாட்டும் இதே பணியைச் செய்கிறது. ஒருவர் குரல் எடுக்க, பலர் கை சேர்கிறது. இரண்டாம் குறையை நீக்கப் பாட்டு மட்டும் போதாது. தம் அருகே நிற்பவர் தமக்கு வேண்டியவர் என்ற உணர்வு வேண்டும். முன்பின் அறியாதவர்க்காகத் தளர விடும் கை, தோழர்க்காகத் தளர்வதில்லை. அணியின் உணர்ச்சி என்பது இதுவே. அது கொடியிலும் முழக்கத்திலும் தொடங்கலாம்; கயிற்றைப் பற்றிய கையிலேதான் மெய்ப்படுகிறது.

கப்பலில் இவ்வுணர்ச்சி விளையாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1912ஆம் ஆண்டில் 'டைட்டானிக்' கப்பல் மூழ்கி 1,500 பேர் அளவில் மாண்டனர். அதன் விளைவாக 1914ஆம் ஆண்டில் கடலில் உயிர் காப்பதற்குரிய அனைத்து நாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. அவ்வழியில் வந்த விதிகளின்படி, பயணிகள் கப்பல்களில் இடர்காலப் பயிற்சி நடத்தப்பெற வேண்டும். ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நெடிய ஒலியும் கேட்டதும், உயிர்காப்புச் சட்டையுடன் அவரவர்க்குக் குறித்த இடத்தில் பயணிகள் கூடவேண்டும். அவ்விடமும் பொதுவாக அறையைக் கொண்டே குறிக்கப்படுகிறது. ஆக, விளையாட்டு நாளில் அருகே நின்று கயிறு இழுப்பவரே, இடர் வரும் நாளில் அருகே நின்று படகில் ஏறக்கூடியவர்.

அத்தகைய இடர் வெறும் கற்பனையன்று. 2005ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், இக்கல்லூரியின் 'எக்ஸ்புளோரர்' கப்பல் அலாஸ்காவுக்குத் தெற்கே வட பசிபிக்குப் பெருங்கடலில் சென்றுகொண்டிருந்தது. பயணம் தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. மாணவரும் ஆசிரியரும் மாலுமிகளுமாக ஆயிரம் பேர் அளவில் அதில் இருந்தனர். ஏறத்தாழ 50 அடி உயரமுள்ள பேரலை ஒன்று மோதி, கப்பலோட்டும் அறையின் கண்ணாடியை உடைத்தது, நீர் உட்புகுந்தது, எஞ்சின்கள் செயலிழந்து, பின்னர் மாலுமிகளின் முயற்சியால் மீண்டும் இயங்கின. உயிர்ச்சேதம் நேரவில்லை. கப்பல் ஹொனலூலுத் துறைமுகம் சென்று சேர்ந்தது. அத்தகைய வேளையில், 'இவர் எந்தக் கல்லூரி? எந்த ஊர்?' என்று எவரும் வினவார். அருகில் இருப்பவர் கையைப் பற்றிக்கொள்வதே அறிவாகும்.

இனி, இவ்விளையாட்டு விழாவில் வென்ற அணிக்குக் கிடைக்கும் பரிசு யாது? பொற்கிண்ணம் அன்று; பணமுடிப்பும் அன்று. பயணத்தின் முடிவில், இறுதித் துறைமுகத்தில், கப்பலை விட்டு முதலில் இறங்கும் உரிமையே அப்பரிசு. நூற்றுக்கணக்கான பயணிகளும் அவர்தம் பெட்டிகளும் இறங்கப் பல மணி நேரம் ஆகும். கரையில் பெற்றோரும் உற்றாரும் காத்து நிற்பர். ஆதலால் முதலில் இறங்குவது விரும்பத்தக்க பேறே ஆகும்.

ஆயினும் இப்பரிசில் ஒரு நுட்பம் உண்டு. போட்டி நாளில் ஆவலோடு நாடப்பெற்ற அவ்வுரிமை, இறுதி நாளில் வேறொரு முகம் காட்டும். முதலில் இறங்குபவர், தோழர்களை முதலில் பிரிபவரும் ஆவார். பயணத்தின் தொடக்கத்தில் தட்டை ஏந்தித் தனியே நின்ற மாணவர்க்கு, இப்போது விடைபெற வேண்டியவர் பலர். கரைக்குச் செல்லும் படிக்கட்டில் கால் வைக்கும்போது அவர் திரும்பிப் பார்ப்பாராயின், அவர் கண் தேடுவது தம் அணியினரை மட்டுமா? எதிர் அணியில் நின்று கயிற்றை இழுத்தவரையும் தேடும். ஒரே கலத்தில் நூறு நாள் உடன்வந்தவர் அல்லரோ அவர்!

விளையாட்டில் எதிர்ப்பக்கம் நிற்பவர் பகைவர் ஆகார். அவர் மறுமுனையைப் பற்றி இழுப்பதனாலேயே இம்முனையில் நிற்பவரின் வலிமை வெளிப்படுகிறது. அவர் கயிற்றை விட்டுவிட்டால் போட்டியே இல்லை. கப்பலில் இவ்வுண்மை எளிதில் விளங்கும். எத்தனை அணிகள் இருப்பினும் கப்பல் ஒன்றே என்பதை அங்கு எவரும் மறக்க இயலாது. வகுப்பறையும், ஊரும், நாடும் அத்தகைய கலங்களே. நிலத்தில் கால் ஊன்றி நிற்போர்க்கு அவற்றின் அசைவு தெரிவதில்லை. தெரியாவிடினும், ஒரே கலத்தில் செல்வோர் என்னும் உறவு பொய்யாகிவிடாது. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்னும் முதுமொழியின் பொருள், கடல்நடுவே கயிறு பற்றிய கைகளுக்கு நன்கு தெரியும்.