பாட்டியின் குரலைச் சுருக்கலாமா?

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பரணில் ஒரு கேசட் பெட்டி இருக்கும். ஊரில் பாட்டி பாடிய தாலாட்டு, தாத்தா ஓதிய திருப்புகழ், சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்து ஸ்ரீராமநவமிக் கச்சேரி (1939இல் தொடங்கிய மரபு அது) என ஏதேதோ அதில் இருக்கலாம். நாடாவின் காந்தப் பூச்சு நாளடைவில் கெடும். அதற்குள் அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றிவிட வேண்டும்.

மாற்றிச் சேமிக்கும்போது கணிப்பொறி ஒரு கேள்வி கேட்கும்: எந்த வடிவம், நொடிக்கு எத்தனை கிலோபிட்? விடை தெரியாமல் ஏதோ ஒன்றை அழுத்திவிடுகிறோம்.

குறுந்தகட்டின் தரத்தில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதுகிறார்கள். அதற்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவை. 60 நிமிடக் கேசட் சுமார் 635 மெகாபைட் ஆகும். அதையே 128 கிலோபிட் எம்.பி.3 ஆக்கினால் 58 மெகாபைட்தான்.

மிச்சம் எங்கே போயிற்று? கல்யாண வீட்டில் தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சு காதில் விழுவதில்லை அல்லவா? அப்படிப் பெரிய ஒலியால் மறைந்துபோகும் சிறிய ஒலிகளைக் கணித்து, எம்.பி.3 நீக்கிவிடுகிறது. நீக்கியது திரும்பி வராது.

அளவை மிகவும் குறைத்தால் காதுக்குக் கேட்பதும் வெட்டுப்படும். தம்புராவின் ரீங்காரம் கலங்கும். மிருதங்கத்தின் சாப்பு மழுங்கும். கைதட்டல் மழை இரைச்சலாகும். ஜெர்மனியில் எம்.பி.3ஐ உருவாக்கியவர்களுள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், அமெரிக்கப் பாடகி சூசன் வேகா வாத்தியமின்றிப் பாடிய ஒரு பாட்டை வைத்தே தம் முறையைத் திருத்திச் செப்பனிட்டார். தனிக்குரலில் சிறு குறையும் காட்டிக்கொடுத்துவிடும். பாட்டியின் தாலாட்டும் தனிக்குரல்தானே!

ஆகவே முதற்பிரதியை வெட்டாமல் வையுங்கள். அதற்கு ஏற்றது ஃபிளாக் என்னும் வடிவம். பட்டுச்சேலையை மடித்து வைப்பதுபோல் இது இடத்தை மட்டும் குறைக்கும். பிரித்தால் ஒரு இழையும் குறையாது. இரைச்சலை நீக்கும் வேலையையும் இந்தப் பிரதியில் செய்ய வேண்டாம். வேறொரு நகலில் செய்துகொள்ளலாம்.

உறவினருக்கு அனுப்ப, முதற்பிரதியிலிருந்து எம்.பி.3 எடுங்கள். கச்சேரிக்கு 192 முதல் 256 கிலோபிட் நல்லது. வெறும் பேச்சென்றால் மோனோவில் 64 கிலோபிட் போதும். எம்.பி.3ஐ மீண்டும் எம்.பி.3 ஆக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு உண்டு. எம்.பி.3ஐ ஃபிளாக் ஆக்கினாலும் இழந்தது மீளாது.

கேசட்டை ஓடவிட்டு, அருகில் கைப்பேசியைப் பிடித்துப் பதிவது அவசரத்துக்கு உதவும், காப்பகத்துக்கு ஆகாது. டேப்ரிக்கார்டரின் ஒலி வெளிவரும் துளையிலிருந்து ஒரு கம்பி வழியாகக் கணிப்பொறியில் நேரே பதிவதே முறை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும்.

முதற்பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள். கோப்பின் பெயரில் யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். இங்கே பிறந்து வளரும் பேரக்குழந்தைகள் அந்தக் குரலை நேரில் கேட்டதில்லை. ஒலி தெளிவாக இருந்தும் யாருடையது என்று தெரியாவிட்டால், காப்பாற்றியும் பயன் பாதிதான்.