மலைநாட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு எந்தக் கல்?

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு முதலில் வரும் கவலை தண்ணீரைப் பற்றியது. அது பெரிய சிக்கல் இல்லை. கடலுப்புக் கலவையை லீற்றருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைத்தால் கடல்நீர் கிடைத்துவிடும். சமையல் உப்பு மட்டும் உதவாது, கடல்நீரில் இருக்கிற கல்சியமும் மக்னீசியமும் அதில் போதிய அளவு இல்லை. ஆற அமர யோசித்து முடிவெடுக்க வேண்டியது தொட்டிக்குள் அடுக்கும் கல்லைப் பற்றித்தான். கரையோரத்துக்குப் போகிறவரிடம் சொல்லி முருகைக்கல் எடுப்பிக்கலாம், இல்லையென்றால் தோட்டத்து ஓடையில் கிடக்கிற கருங்கல்லைக் கழுவிப் போடலாம் என்று இரண்டு வழிகள் எளிதாகத் தோன்றும். முதலாவது தீங்கானது, இரண்டாவது பயன் குறைந்தது. மலைநாட்டுத் தொட்டிக்கு ஏற்ற கல் கடலிலிருந்து வர வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கல்லை அலங்காரமாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியா ஆகின்றன. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை நைத்திரைற்றை அதைவிடத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை தண்ணீரில் மிதந்து திரிவதைவிட ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டி வாழ்வதே அதிகம். கல்லின் உள்துளைகளில் ஒட்சிசன் குறைந்த இடங்களில் வேறு பக்டீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஆக, கல்லின் மதிப்பு அதன் துளைகளில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் போட்டால் நீரின் பி.எச். தானாக உயர்ந்தே நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது பாதி உண்மைதான். கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.3 வரை, லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கல்சியம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட நீரில் சுண்ணாம்புக்கல் கரைவதே அரிது. பி.எச். நன்றாக இறங்கினால்தான் கரையத் தொடங்கும். எனவே கல்லைத் தேரும்போது முதலில் துளைகளைப் பார்க்க வேண்டும், அடுத்து அது நீரில் எதைக் கசியவிடும் என்பதை. நிறமும் வடிவமும் அதற்குப் பிறகு.

துளைகள்தான் முக்கியமென்றால் முருகைக்கல்லை மிஞ்ச எது உண்டு, அதில் உயிர்களும் சேர்ந்தே வருகின்றனவே என்று கேட்கலாம். வளர்ப்பவர்கள் ‘லைவ் ராக்’ என்று போற்றுவது அதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் தென்மேற்குக் கரையில் அக்குரல, ஹிக்கடுவைப் பக்கங்களில் சுண்ணாம்புச் சூளைகளுக்காகப் பல பத்தாண்டுகள் முருகைக்கல் வெட்டியதன் விளைவை இந்த நாடு பார்த்திருக்கிறது. 2004 சுனாமியில், பாறைத் தொடர் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர் உயரத்தில் வந்து 50 மீற்றர் அளவே உள்ளே புகுந்தது. சில கிலோமீற்றர் வடக்கே, முருகைக்கல் வெட்டப்பட்டிருந்த பெரலியவில் அலை 10 மீற்றர் எழுந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போனது. அந்த அலையில் ஒரு ரயில் அடித்துச் செல்லப்பட்டதும் அங்கேதான். ஹரிந்திர பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட அளவுகள் இவை. கரையின் வடிவமும் அலை வந்த திசையும் கணக்கில் சேர வேண்டியவைதான், ஆனாலும் வெட்டப்பட்ட பாறையின் பங்கை ஒதுக்கிவிட முடியாது. கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதையும் வைத்திருப்பதையும் கொண்டுசெல்வதையும் சுடுவதையும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடைசெய்திருக்கிறது. ‘கடலில் செத்துக் கிடக்கிற கல் ஒரு வாளி எடுத்தால் என்ன?’ என்பவர்களுக்கும் இதுவே பதில். 1998இல் கடல் சூடேறி இத்தீவின் ஆழம் குறைந்த பகுதிகளில் பெரும்பாலான முருகைகள் வெளிறி மடிந்தபின், புதிய குஞ்சுகள் பற்றி வளர இடம் தருவது அந்தச் செத்த கல்தான்.

லைவ் ராக் என்பதில் ‘லைவ்’ எங்கிருந்து வருகிறது என்பதற்கு புளோரிடாவில் நல்ல சான்று இருக்கிறது. அங்கே கூட்டாட்சிக் கடற்பரப்பில் இயற்கையான பாறையை எடுப்பது 1997 முதல் தடைசெய்யப்பட்டது. அதன்பின் வளர்ப்போர் நிலத்தில் தோண்டிய சுண்ணாம்புக்கல்லைக் குத்தகைக் கடலடியில் கொட்டி, பாசியும் புழுவும் கடற்பஞ்சும் பற்றிய பிறகு எடுத்து விற்கிறார்கள். நிலத்துக் கல்லே லைவ் ராக் ஆகிறது என்றால் கல்லின் பிறப்பிடத்துக்கு அப்படியொன்றும் மகிமை இல்லை. மலைநாட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடலடி கிடையாது, உண்மைதான். ஆனால் பக்டீரியாவுக்குக் கடலடி தேவையில்லை. மற்ற சிற்றுயிர்களுக்கு, ஏற்கெனவே நடக்கும் ஒரு தொட்டியிலிருந்து உள்ளங்கையளவு கல் போதும். கரையிலிருந்து பல மணி நேரம் மலையேறி வரும் கல்லில் பாதி உயிர் வழியிலேயே செத்து, தொட்டியில் அமோனியாவாகக் கரைகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, நம் மலையிலேயே கல்லுக்குப் பஞ்சமா? இங்குள்ள கருங்கல் பெரும்பாலும் நைஸ், சார்னக்கைட் வகைகள். பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. நஞ்சு அல்ல, ஆனால் உள்ளே துளையே இல்லை. 20 கிலோ போட்டால் 7 லீற்றருக்கு மேல் நீரிடம் போகிறது, கிடைப்பதோ வெறும் மேற்பரப்பு. அப்படியும் அடித்தளத்துக்கு ஓரிரு கல் வைப்பதானால் துருக்கோடும் மஞ்சளாக மின்னும் புள்ளியும் உள்ளதை விலக்க வேண்டும். அவை இரும்பும் கந்தகமும். தோட்டங்களில் கவாத்துக்குப் பிறகு மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் டொலமைட்டும், அது வருகிற மாத்தளை, திகன பக்கத்துச் சலவைக்கல்லும் வேதியியல்படி ஏற்றவை. ஆனால் அவையும் படிகமாக இறுகியவை. சில்லுகளாக அடியில் பரப்பலாம், பாறையாக அடுக்கப் பயன் குறைவு. கல்லில் வினாகிரி விட்டுப் பார்க்கும் பழக்கம் நன்னீர்த் தொட்டிக்காரர்களுக்கு உண்டு. நுரைத்தால் அவர்கள் ஒதுக்குவார்கள், கடல்நீர்க்காரர் எடுத்துவைக்க வேண்டும். டொலமைட் கட்டியாக இருக்கும்போது அவ்வளவாக நுரைக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தீவில் துளையும் சுண்ணாம்பும் சேர்ந்து கிடைப்பது யாழ்ப்பாணத்தில். அந்தச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. அதைத் தோண்டுவதும் கேடுதானே என்று ஒருவர் மறித்தால் அவர் சொல்வது சரி. குடாநாட்டின் நன்னீரைத் தேக்கிவைத்திருப்பதே அந்தக் கல். 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்காகத் தோண்டிய பள்ளங்களால் உவர்நீர் ஏறும் என்ற அச்சம் இன்றும் உண்டு. ஆகவே இதற்கென்று புதிதாக வெட்டக் கூடாது. கிணறும் அத்திவாரமும் தோண்டும்போது வெளிவரும் கல் ஒரு தொட்டிக்குத் தாராளம். தோட்ட நிலத்தில் கிடந்த கல் உரத்தின் நைத்திரேற்றையும் பொஸ்பேற்றையும் உறிஞ்சியிருக்கலாம் என்பதால், தேய்த்துக் கழுவி, வாரக்கணக்கில் நீர் மாற்றி ஊறவைக்க வேண்டும்.

அதுவும் கிடைக்காவிட்டால் கையால் வார்க்கலாம், எனக்கு இதுவே அதிகம் பிடித்த வழி. ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு சலவைக்கல் சில்லு, அதோடு கல்லுப்பு. ஈரமணலில் குழி பறித்து வார்த்தால் உப்பு பின்னர் கரைந்து துளைகளை விட்டுச் செல்லும். புதுச் சீமெந்து நீரின் பி.எச்.சை 12க்கு மேல் ஏற்றும், ஆதலால் ஒன்றரை இரண்டு மாதம் பீப்பாயில் ஊறவிட்டு நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மலைநாட்டுப் பீலித் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்பை நன்றாக இழுக்கும். வடித்த நீரை ஓடையில் கொட்டிவிடக் கூடாது, அங்குள்ள மீன் சாகும். பி.எச். 8.3 அளவுக்கு இறங்கி அங்கேயே நின்றால் கல் தயார். பிறகு தொட்டியை 26 பாகைக்குச் சூடாக்கிப் பக்டீரியா பற்ற விட வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவே என்பதால் ஹீற்றர் இல்லாமல் அது வெகு மந்தமாக நடக்கும். சூடு இருந்தால் நாலு முதல் ஆறு வாரம். அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியத்தில் நிலைத்த பிறகு முதல் மீனை விடலாம், அதுவும் ஒன்றே ஒன்று.