அறிவியல் பட்டப்படிப்பு: சேர்த்துவிடுவதோடு நம் பணி முடிகிறதா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எல்லாப் பள்ளிகளிலும் இரண்டு எண்கள் பேசப்படும். ஒன்று தேர்ச்சி விழுக்காடு, மற்றொன்று முதல் மதிப்பெண். தேர்ச்சி பெற்றவர்களில் எத்தனை பேர் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குப் போனார்கள் என்பதை நாம் எந்தப் பலகையிலும் எழுதுவதில்லை. காட்டேரிக்குப்பம் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு வாழ்க்கையை மாற்றுவது இந்தப் பின்னிரண்டு எண்களே. அவற்றை உயர்த்தப் பள்ளி ஆசிரியர்களால் என்ன செய்ய முடியும் என்பதை, அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே விளக்க முயல்கிறேன்.

நம் பிள்ளைகள் நிற்கும் இடம்

மண்ணாடிப்பட்டு கொம்யூனில் நெல்லும் கரும்பும்தான் பழைய வாழ்வாதாரம். இன்று பெற்றோர்களில் பலர் விவசாயக் கூலிகள், கட்டடத் தொழிலாளர்கள், சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள். கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் தங்கள் பிள்ளைதான் என்கிற வீடுகள் இங்கே ஏராளம்.

கல்லூரிகள் தொலைவில் இல்லை. லாஸ்பேட்டையில் தாகூர் அரசு கலை அறிவியல் கல்லூரி, நகரில் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி, கதிர்காமத்தில் இந்திரா காந்தி கல்லூரி, தவளக்குப்பத்தில் ராஜீவ் காந்தி கல்லூரி ஆகியவை இருக்கின்றன. முதுகலைக்குக் காஞ்சி மாமுனிவர் நிறுவனம் உண்டு. 1985இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் இருக்கிறது. ஆக, இடம் இல்லை என்பது முதல் சிக்கல் அல்ல. அந்த இடத்துக்கு நம் பிள்ளை வருவதற்கு முன்பே சில கதவுகள் மூடிவிடுகின்றன, வந்த பிறகு சில தடைகள் காத்திருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

பள்ளியிலேயே மூடும் கதவுகள்

முதல் கதவு ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறி, 2025இல் முதன்முறையாக அந்த வாரியத்தின் பொதுத்தேர்வுகளை எழுதின. அந்த வாரியத்தில் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு ‘ஸ்டாண்டர்ட்’, ‘பேசிக்’ என்று இரு நிலைத் தேர்வுகள் உண்டு. மேல்வகுப்பில் கணிதம் படிக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்காக வகுக்கப்பட்டது பேசிக். தேர்ச்சி விழுக்காடு கெடக் கூடாதே என்ற அச்சத்தில், ஓரளவு கணக்குப் போடக்கூடிய பிள்ளையையும் பேசிக் பக்கம் தள்ளிவிட்டால், இயற்பியல், புள்ளியியல், கணினி அறிவியல், பொறியியல் என்று பல வழிகளை அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே குறுக்கிவிடுகிறோம். பதினான்கு வயதில் போடும் ஒரு டிக் குறியின் பொருளைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்ல நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.

இரண்டாவது கதவு பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாள். கணிதம் இல்லாத உயிரியல் பிரிவை எடுப்பவர்களில் பலர் மருத்துவத்தை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தமிழ்நாட்டில் 2020இல் 7.5 விழுக்காடும், புதுச்சேரியில் 2023இல் 10 விழுக்காடும் உள்ஒதுக்கீடு வந்தது பெரிய நன்மை. ஆனால் அந்த இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. நீட் எழுதி இடம் கிடைக்காத பிள்ளை அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வீட்டிலேயே தங்கிவிடுவதைப் பார்க்கிறோம். பெண் பிள்ளையாக இருந்தால் அந்தக் காத்திருப்பு பல நேரங்களில் திருமணப் பேச்சில் முடிகிறது. விலங்கியல், தாவரவியல், வேதியியல், நுண்ணுயிரியல் பட்டப்படிப்புகளுக்கும் அதே பருவத்தில் விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டும். நீட் தயாரிப்பை நிறுத்தாமலே இதைச் செய்யலாம்.

மூன்றாவது கதவு விண்ணப்பப் பருவம். புதுச்சேரி அரசுக் கல்லூரிகளுக்குச் சென்டாக் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் ‘கியூட்’ பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. இதன் விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். ‘ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்’ என்று இருக்கும் வீடுகள் இங்கேதான் தவறவிடுகின்றன. இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம், ஆனால் மொழியை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். விரும்பும் படிப்புக்கு எந்தெந்தப் பாடத் தாள்கள் தேவை என்று பார்த்து அவற்றையே தேர்ந்தெடுக்கவும் வேண்டும். திருப்பதி, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஏழு ஊர்களில் உள்ள ஐசர் அறிவியல் நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. தகுதிநிலைப் பாடங்களைப் படித்துத் தேர்ச்சி பெற்றால் சேரலாம், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

பணம் இருக்கிறது, தகவல்தான் போய்ச் சேரவில்லை

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி, திறன்வழித் தேர்வில் தேர்வு பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. இதை நம் பள்ளிகள் நன்றாகவே அறிந்திருக்கின்றன. இதற்கு மேலே உள்ளவற்றைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘இன்ஸ்பயர்’ திட்டம் 2008இல் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் முதல் 1 விழுக்காட்டுக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் போன்ற அடிப்படை அறிவியலைப் பட்டப்படிப்பாக எடுப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்பது இத்திட்டத்தின் உயர்கல்வி உதவித்தொகை. இதில் 60,000 ரூபாய் மாணவர் கைக்கு வரும். 20,000 ரூபாய் கோடை விடுமுறையில் ஓர் ஆய்வாளரின் கீழ் செய்யும் பணிக்கானது. பொறியியல், மருத்துவம் படிப்பவர்களுக்கு இது இல்லை.

வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டுக்குள் வருபவர்களுக்கு இன்னொரு மத்திய உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000 ரூபாய். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் குடியிருப்பு, சாதி, வருமானச் சான்றிதழ்கள், மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு, ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒரே எழுத்தில் பெயர் ஆகியவை வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதைச் சரிசெய்யவே வாரங்கள் போய்விடும். அதனால் இவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறைக்குள் பார்த்துவிடுவது நல்லது.

சேர்ந்த பிறகு வரும் முதல் பருவம்

நல்ல மதிப்பெண்ணோடு பி.எஸ்சி. சேர்ந்த பிள்ளை தீபாவளிக்கு வரும்போது, ‘எனக்கு இது வராது சார்’ என்று சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன். விசாரித்தால் மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது மொழி. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு ‘முடுக்கம்’ என்றால் நன்றாகத் தெரியும், வகுப்பில் ‘ஆக்சலரேஷன்’ என்று கேட்கும்போது பழைய நண்பனை அடையாளம் தெரியாமல் விழிக்கிறது. ஆங்கிலவழிப் பிள்ளைக்கு ‘ஆக்சலரேஷன்’ என்ற சொல் தெரியும், பொருளை அதனால் தமிழிலும் சொல்ல முடியாது. இரண்டாவது ஆய்வகம். பியூரெட்டையும் வெர்னியர் அளவியையும் தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டுமே தொட்ட கை, கல்லூரியில் வாரந்தோறும் செய்முறைப் பதிவேடு எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாவது தனிமை. இரண்டு பேருந்து மாறி வரும் பிள்ளை வகுப்பு முடிந்ததும் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுகிறது. சந்தேகம் கேட்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

மூன்றாவது காரணத்தின் எடையை உணர ஒரு பழைய ஆய்வு உதவும். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களில் பலர் முதலாண்டு நுண்கணிதத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஊக்கம் இல்லை, குடும்ப ஆதரவு இல்லை, அடிப்படை சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யூரி டிரைஸ்மன் என்பவர் 20 கறுப்பின மாணவர்களையும் நன்றாகத் தேறிவந்த 20 சீன மரபு மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்க் கவனித்தார். சொல்லப்பட்ட காரணங்கள் எவையும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்களும் உழைத்தார்கள், ஆனால் தனியாகப் படித்தார்கள். சீன மரபு மாணவர்கள் முதலில் தனியே படித்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார்கள். டிரைஸ்மன் கூட்டுப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். அங்கே எளிய கணக்குகளைத் தராமல் கடினமானவற்றையே தந்தார். தேர்ச்சி நிலை மாறியது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் டேவிட் லாட் 1999இல் செய்ததும் இதற்கு நெருங்கியது. நுழைவு மதிப்பெண் குறைந்த, எளிய குடும்பங்களைச் சேர்ந்த 50 மாணவர்களைச் சிறிய வகுப்பாகப் பிரித்தார். வழிகாட்டிகளையும் கூடுதல் நேரத்தையும் தந்தார். பாடத்தையும் தேர்வையும் மட்டும் குறைக்கவில்லை. 500 பேர் கொண்ட பெரிய வகுப்புக்கு நிகரான மதிப்பெண்ணை அவர்கள் எடுத்தார்கள். பாடத்தின் தரத்தைத் தாழ்த்தாமல் துணையைக் கூட்டினால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள் என்பதே இரண்டிலும் நமக்குள்ள பாடம்.

பள்ளியில் தொடங்கக்கூடியவை

இவற்றுக்குத் தனி நிதி தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இருமொழிச் சொல்லேடு ஒன்றைப் பழக்கலாம். ஒரு பக்கம் தமிழ்ச்சொல், மறுபக்கம் ஆங்கிலச்சொல், கீழே மாணவரின் சொந்த வாக்கியத்தில் பொருள். ‘விசை’, ‘ஆற்றல்’, ‘திறன்’ மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எந்த மொழி வகுப்பும் அவ்வளவு அச்சம் தராது.

மாதம் ஒரு முறையாவது நான்கைந்து பேரைக் குழுவாக உட்காரவைத்து ஒரு கடினமான கணக்கைக் கொடுக்கலாம். ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. கூடிப் படிக்கும் பழக்கம் கல்லூரியில் தானாக வராது, பள்ளியிலிருந்து எடுத்துப் போக வேண்டிய பொருள் அது. ஆய்வகத்தில் செய்து காட்டுவதோடு நிற்காமல், ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கருவி போய்ச் சேருகிறதா என்று பார்க்கலாம்.

பட்டப்படிப்பு அறிவியல் என்பது எங்கோ இருக்கும் பொருள் அல்ல என்பதையும் காட்டலாம். நம் பக்கத்து ஊரான வழுதாவூரின் பெயரில் புவியியலாளர்கள் ஒரு பாறை அடுக்கையே அழைக்கிறார்கள். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் இங்கே கடல் இருந்தது. 1840களில் இப்பகுதியில் சேகரித்த அம்மோனைட் முதலிய தொல்லுயிர் எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் ஆராய்ந்து 1846இல் எழுதினார். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. ஊசுட்டேரிக்கு வரும் பறவைகள் விலங்கியல் மாணவருக்கு ஒரு திறந்தவெளி ஆய்வகம்.

ஒரே வழிதான் என்ற எண்ணத்தையும் மாற்ற வேண்டும். இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவன் நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் முடித்த பிறகே பொறியியலுக்குப் போனார். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் ப. வீரமுத்துவேல் ரயில்வே பள்ளியில் படித்து, பட்டயப் படிப்பில் தொடங்கி, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஒரு பதிவேடு போதும்

கடைசியாக ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் அறிவியல் மாணவர்களின் பெயர், கைபேசி எண், சேர்ந்த படிப்பு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவையுங்கள். மூன்று முறை அழைத்துப் பேசுங்கள்: சேர்ந்த இரண்டாவது வாரத்தில், முதல் உள்தேர்வு முடிந்ததும், முதல் பருவத் தேர்வு முடிவு வந்ததும். பாடம் புரிகிறதா, யாரோடு சேர்ந்து படிக்கிறாய், உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாயா என்ற மூன்று கேள்விகள் போதும். அதே கல்லூரியில் படிக்கும் நம் முன்னாள் மாணவர் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். ஒரு தாளில் தோற்றுவிட்டதாகச் சொன்னால், அரியர் எழுதித் தேறியவர்கள் உண்டு என்று சொல்லுங்கள், அப்படித் தேறிய ஒருவரோடு பேசவும் வையுங்கள். நம் பள்ளியின் பெயர்ப் பதிவேட்டிலிருந்து அந்தப் பிள்ளை போய்விட்டது உண்மைதான். ஆனால் முதல் பருவத்தில் தடுமாறும்போது அதற்கு நம்பிப் பேசத் தெரிந்த ஆசிரியர் பெரும்பாலும் நாம் மட்டுமே.