பதினெட்டு வயசுப் 'பெரியவர்'!

வாலாஜாபாத்தை விட்டுவிட்டு மெட்ராஸ் மேன்ஷனில் குப்பை கொட்டும் பேச்சிலர் நண்பர்களே, இந்த உத்தியோகம் உங்களுக்கு ஒத்து வருமா பாருங்கள். சம்பளம்? சைபர். செலவுக்குப் பணமும் நாம்தான் கட்டணும்!

அமெரிக்காவின் உட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையின் மிஷனரி வேலை இது. 18 வயசானால் பையன்கள் கிளம்பலாம். 2 வருஷம். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் போகணும். சட்டையில் கறுப்பு பேட்ஜ். மீசை முளைக்காத பையனுக்கும் பட்டம் 'எல்டர்'... அதாவது, பெரியவர்!

வழக்கமாகக் காலை 6.30-க்கு எழுந்து உடற்பயிற்சி, வேதப் படிப்பு, போன ஊர் பாஷைப் படிப்பு. அப்புறம் டை கட்டிக்கொண்டு ஊழியத்துக்குக் கிளம்பணும். தட்டுகிற கதவுகளில் பல திறக்காது. திறந்தாலும் பட்டென்று மூடும். ராத்திரி 10.30-க்கு லைட் அணையணும். எங்கே போனாலும் கூடவே இன்னொரு மிஷனரி. தனியா டீக்கடைக்கு நழுவலாமா? ஊஹூம், டீயே கூடாது! காதல்? மூச்! துணி துவைக்க, கடைக்குப் போக வாரத்தில் ஒரு நாள்.

இதெல்லாம்கூடப் பழகிவிடும். வீட்டு ஞாபகம்தான் ஆளைத் தின்னும். 1853-லேயே மெட்ராஸ் வந்த மார்மன் மிஷனரி ரிச்சர்ட் பாலன்டைனுக்குக் கப்பல் கடுதாசிதான் கதி. போன் வந்த காலத்திலும், கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என வருஷத்துக்கு இரண்டே தடவைதான் வீட்டோடு பேசலாம். 2019 பிப்ரவரியில்தான் வாரா வாரம் பேச அனுமதி கிடைத்தது.

நமக்கு எந்த சபையும் தடை போடவில்லை. அப்புறம் ஏன் சார், அம்மா போன் பண்ணினால் மட்டும் 'மீட்டிங்ல இருக்கேன்'?